அனாதியார் இருக்கை மாறிய மாலை

மலை என்று சொல்ல உயரம் போதாததும், மேடு என்று சொன்னால் மனம் நோகத்தக்கதுமான ஒரு குன்றைச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தது அந்த நகரம். வேனில் இன்னும் விடைபெறாத, மழை இன்னும் வந்து சேராத ஒரு பிற்பகல். அடிவாரத்துக் கடைத்தெருவில் விலை கூவுவாரின் குரலும், பேருந்துகளின் உறுமலும், பள்ளி விட்ட பிள்ளைகளின் ஆரவாரமும் ஒன்றோடொன்று கலந்து, மேலே ஏற ஏறத் தேய்ந்து, குன்றின் இடையில் வெறும் முணுமுணுப்பாகி, உச்சியை எட்டுமுன் அற்றுப்போயின. உச்சியில் காற்று மட்டுமே இருந்தது. அக்காற்றில் தன் சாளரக் கதவுகளை ஓயாது அடித்துக்கொண்டிருந்த வானியற் கழகத்தின் பழைய கட்டடமும் இருந்தது. ஊரெல்லாம் தோளோடு தோள் உரச நெருங்கி நிற்க, ஒதுங்கி நிற்பதே தனக்கு அழகென்று ஒருகாலத்தில் எண்ணி, பிறகு அவ்வெண்ணத்திலிருந்து மீளும் வழியறியாது நின்றுவிட்ட முதியவரைப் போன்றது அக்கட்டடம்.

அதன் பேரவைக்குள் நுழைவோர் முதலிற் காண்பது, மேடைமேல் எதிரெதிராக இடப்பட்ட இரண்டு நாற்காலிகளை. ஒன்று கீழைச் சாளரத்துக்கு முதுகு காட்டி நிற்கும். மற்றது மேலைச் சாளரத்துக்கு. ஆண்டுக்கு ஒருநாள் அவற்றில் இருவர் அமர்ந்து, வானைப் பற்றிய ஒரே வினாவை இருபக்கமாய் நின்று வழக்காடுவர். அவ்வழக்கு என்று முடியும் எனில், ஒரு நாற்காலியில் அமர ஆளில்லாத நாளில் முடியும். அன்று செயலர் எழுந்து, எஞ்சியவர் பக்கமே விடையென அறிவித்து மணியடிப்பார். நிலம் சுழல்கிறதா, வான் சுழல்கிறதா என்ற வழக்கு அங்ஙனமே முடிந்தது. விண்மீன்களிடையே புகைபோல் தோன்றும் திட்டுகள் நம் விண்மீன் திரளுக்கு உள்ளே உள்ளனவா, அதற்கும் அப்பாலா என்ற வழக்கும் அங்ஙனமே முடிந்தது. ஒரு கருத்து வெல்வதும், அதை மறுப்பவர் மண்ணோடு மண்ணாவதும் ஒன்றுதானா என்று, எதையும் நின்று எண்ணிப் பார்க்கும் வாசகராகிய நீங்கள் வினவலாம். கழகத்தில் அதை வினவியவர் இல்லை.

இப்போது அந்த நாற்காலிகளுக்கிடையே கிடந்த வினா, இதுவரை கிடந்தவற்றிலெல்லாம் பெரியது. இப்பேரண்டத்துக்குத் தொடக்கம் என ஒன்று உண்டா, இல்லையா? உண்டு என்பது மேலை நாற்காலி. இல்லை என்பது கீழை நாற்காலி. அக்கீழை நாற்காலிக்கு உரியவராய், கைத்தடியை ஊன்றிப் படியேறி வந்துகொண்டிருந்தவரை ஊரார் 'அனாதியார்' என்று அழைத்தனர். அனாதி எனும் சொல் வடக்கிலிருந்து வந்ததாயினும், தொடக்கமற்றது எனும் அதன் பொருளை அவர் தம் வாழ்நாளெல்லாம் தோளிற் சுமந்தமையால், இயற்பெயர் தேய்ந்து அச்சொல்லே அவருக்குப் பெயராயிற்று. வழக்கு நாளுக்கு முந்திய பிற்பகலில் வந்து, மேடையையும் நாற்காலியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். போருக்கு முன் களம் காணும் வீரரின் செயல் அதுவென்று பிறர் எண்ணினர். ஆண்டில் ஒரே ஒருநாள் தமக்கு வாய்க்கும் உறவுக்கு முந்தினநாளே வாயிலில் வந்து நிற்கும் மனிதரின் ஆவல் அதுவென்று அவர் மட்டும் அறிவார்.

செயலர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் துணியை உதறித் தோளிற் போட்டுக்கொண்டார்.

"வாங்கய்யா, வாங்க. நாளைக்கு உங்களுக்கு வேலையே இல்ல. சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும், ஜெயிச்சிடுவீங்க."

"என்ன சொல்றீங்க?"

"மேலை நாற்காலி அம்மா வரமாட்டாங்களாம். படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியலையாம். அவங்க மகள் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"அவங்களுக்குப் பதிலா வேற யாராவது?"

"நானும் கேட்டேன். அந்தப் பக்கம் முன்னாடி பேசினவங்க எல்லாம் எப்பவோ ஜெயிச்சாச்சுன்னு சொல்லி வர்றதையே நிறுத்திட்டாங்க. புதுசா ஒருத்தர் உட்காரணும்னா அம்மா வாயால பேர் சொல்லணும். அவங்க யார் பேரையும் சொல்லமாட்டேன்னுட்டாங்களாம். விதி விதிதானே, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தவர், குரலைத் தாழ்த்தி, "உலகம் பூரா தொடக்கம் உண்டுன்னு ஒத்துக்கிட்ட பிறகு, நம்ம ஊர்ல மட்டும் இல்லைன்னு மணியடிக்கப் போறேன். நாளைக்கு என்னைப் பார்த்து ஊரே சிரிக்கப் போவுது" என்றார்.

மேலைச் சாளரத்தினூடே சாய்ந்து வந்த வெயில், ஆளற்ற நாற்காலியின் மேல் விழுந்து, அதன் நிழலை மேடையின் குறுக்கே நீட்ட, அது அனாதியார் நாற்காலியின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அவர் நெடுநேரம் நின்றார்.

அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று ஊரார் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் விடையில்லை. பெற்றோர் இன்னாரென்று அறியாத குழந்தைகளை வளர்க்கும் இல்லமொன்றின் வாயிலில் ஒரு விடியலில் கிடந்தவர். பிறந்தநாள் அறியாத பிள்ளைகளுக்கெல்லாம் இல்லம் திறந்த நாளையே பிறந்தநாளாக வைத்துவிடுவது அங்கே வழக்கம். ஆகவே ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் ஒருவர்க்கும் அந்நாள் தமதன்று. அவ்வாறு வளர்ந்த சிறுவன், வகுப்பில் ஒருநாள், உலகுக்குத் தொடக்கமே இல்லை என்று கருதுவாரும் உளர் எனக் கேட்டபோது, இருண்ட அறையில் சாளரம் திறந்தாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொடக்கம் இல்லாதிருத்தல் குறையன்று. விண்மீன்களும் அவ்வாறே இருக்கின்றன. அன்று பற்றியதைப் பிறகு அவர் விடவில்லை.

வழக்கின் இளமைக் காலம் இனிய காலம். விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி ஓடுகின்றன என்பதை இருபக்கத்தாரும் ஒப்பினர். அவ்விரிவைப் பின்னோக்கிச் செலுத்தினால் எல்லாம் ஒரு புள்ளியில், ஒரு கணத்தில் வந்து சேருமே, அதுவே தொடக்கம் என்றது மேலை நாற்காலி. விலகும் இடைவெளியிலெல்லாம் புதுப்பொருள் சிறிது சிறிதாகப் பிறந்து நிரப்புவதால், அண்டம் என்றும் இவ்வாறே இருந்தது, இவ்வாறே இருக்கும் என்றது கீழை நாற்காலி. மேலை நாற்காலிக்கு ஓர் ஆண்டு புதிதாய் வந்தமர்ந்தார் ஓர் அம்மையார். வானிலிருந்து வரும் அலைகளை ஏற்கும் பெரிய உலோகக் கிண்ணம் ஒன்றைத் தாமே நின்று கட்டுவித்து, அதன் அடியிலேயே காலம் கழித்தவர். எண்ணெய்க் கறை போகாத விரல்களும், எதிராளி மூச்சு வாங்குமுன் பாய்ந்துவிடும் நாவும் உடையவர்.

"ஐயா சொல்ற கதை நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க வீட்டை விட்டுப் போகப் போக, வீட்டுல புதுசா பிள்ளை பிறந்துக்கிட்டே இருக்குமாம். அந்த வீட்டுத் தாயைப் பத்தி ஐயா கொஞ்சம் யோசிச்சாரா?" என்று அவர் கேட்ட அன்று, அவை கைகொட்டி அடங்கச் சற்று நேரமாயிற்று. அனாதியாரும் சிரித்துவிட்டார்.

அவ்வாறு சில ஆண்டுகள் சென்றபின், ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தது. வழக்கு நாளுக்கென அடித்து வாயிலில் ஒட்டிய சுவரொட்டியில், 'அனாதி அண்டம்' என்று இருக்கவேண்டிய இடத்தில், அச்சுக் கோத்தவர் கைதவறி 'அனாதை அண்டம்' என்று நின்றது. ஒரே ஓர் எழுத்துத்தான் மாறியது. அவையினர் அதைச் சுட்டி நகைத்தபோது, அம்மையார் எழுந்து, வழக்கமான மிடுக்கோடு, "பிழைன்னு யாருங்க சொன்னது? ஐயாவோட அண்டத்துக்கு அப்பா அம்மா கிடையாது, பிறந்தநாள் கிடையாது. அப்ப அது அனாதைதானே?" என்றார். அவை சிரிப்பால் அதிர்ந்தது. அனாதியாரும் பிறரோடு சேர்ந்து நகைத்தார். நகைத்துக்கொண்டே, கால்களுக்கடியில் மேடை எங்கோ தொலைவுக்கு விலகிப் போவதை உணர்ந்தார்.

அவர் வளர்ந்த இல்லத்தைப் பற்றி அன்றிரவு யாரோ அம்மையாரிடம் கூறியிருக்கவேண்டும். மறுநாட் காலை, அனாதியார் கற்பித்த கல்லூரியில் அவர் அறை வாயிலில் வந்து நின்றார் அம்மையார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்ததை நின்றபடியே பருகினார், வெறுங் குவளையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. உங்களை அண்ணேன்னு கூப்பிட்டா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

அண்டத்தின் அளவை வாய்க்கணக்காய்ச் சொல்லவல்ல அம்மனிதர், அதற்கு என்ன சொல்வதென்றறியாது திகைத்து, "கொதிக்க வச்சு ஆறின தண்ணிதான், பயப்படாதீங்க" என்றார்.

அதன்பின் அம்மையார் அச்சொல்லை மேடையில் ஒருமுறையும் எடுத்ததில்லை. 'அனாதி அண்டம்' என்று அவையெல்லாம் சொல்ல, அவர் மட்டும் 'எங்க அண்ணன் சொல்ற அண்டம்' என்றே சொல்லி, சொல்லிய வாயாலேயே அதைத் தூள்தூளாக்குவார். அனாதியாரோ அவரை 'அம்மா' என்றே விளித்துவந்தார். தங்கை என்னும் சொல் பலமுறை நெஞ்சிலிருந்து எழும், தொண்டைவரை வரும், வாயிலில் நின்று தயங்கி, தட்டாமலே திரும்பிவிடும்.

பிறகொருநாள் அம்மையார் தம் பணியிடத்துக்கு அவரை அழைத்து, காதொலிப்பானை மாட்டிவிட்டார். மெல்லிய, இடையறாத ஓர் இரைச்சல் கேட்டது.

"மழை பெய்யிற மாதிரி இருக்கு" என்றார் அனாதியார்.

"கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மழைதான் அண்ணே. கருவியில கோளாறோன்னு ஒவ்வொரு திருகாணியையும் கழட்டிப் பார்த்துட்டேன். கோளாறு இல்ல. இது எங்கிருந்தோ வர்றது இல்ல, எங்கும் இருக்கிறது. ஆரம்பத்துல எல்லாம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சே, அந்தச் சூடு ஆறி ஆறி, இவ்வளவுதான் மிச்சம்."

அக்கோடை முழுவதும் அனாதியார் அக்கணக்கைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார். ஒரு பிழை, ஒரே ஒரு பிழை கிடைக்காதா என்று, தொலைந்த பொருளைத் தேடுவார்போல் வரிதோறும் துழாவினார். கிடைக்கவில்லை. வேனில் முடிந்த நாளில், தொடக்கமற்ற அண்டம் அவருள் ஓசையின்றி அணைந்தது. ஆயினும் அவ்வாண்டு கீழை நாற்காலியில் சென்று அமர்ந்தார். அதற்கடுத்த ஆண்டும் அமர்ந்தார். அவர் பக்கத்தார் ஒவ்வொருவராய் உதிர்ந்து, அவர் ஒருவரே எஞ்சியபின்னும் அமர்ந்தார். அவர் அமராவிடில் வழக்கு முடியும். வழக்கு முடிந்தால், அண்ணே என்று அழைக்கும் குரலைக் கேட்க அவர்க்கு ஆண்டில் ஒருநாளும் இராது. காரணமின்றிப் பிறர் வீட்டுக் கதவைத் தட்டக் கற்றுக்கொள்ளாதவர் அவர்.

இவற்றையெல்லாம் எண்ணியபடியே குன்றினின்றும் இறங்கியவர், அன்று அந்தி மயங்கும் வேளையில், குன்றின் இடையிலிருந்த அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார். மகள் கதவைத் திறந்து, "வாங்க மாமா. காலையிலேர்ந்து உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று உள்ளே அழைத்துச் சென்றாள்.

கட்டிலில் அம்மையார் சிறுத்துக் கிடந்தார். எண்ணெய்க் கறையற்ற அவ்விரல்களைக் கண்டபோதுதான் நோயின் அளவு அனாதியார்க்குப் புரிந்தது.

"வாங்கண்ணே. செயலர் சொல்லிட்டாரா? நாளைக்கு நீங்க ஜெயிக்கிறீங்க."

"வேற யார் பேரையாவது சொல்லி அனுப்புங்கம்மா."

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு மகள் இருக்கா. பேரப்பிள்ளை ரெண்டு, வீட்டையே தலைகீழா ஆக்குதுங்க. நான் போயிட்டா உங்களுக்கு யாருண்ணே இருக்கா? அந்த அண்டமாவது உங்ககூட இருக்கட்டும். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."

அனாதியார் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, தமக்கே கேட்குமோ கேளாதோ என்னும் குரலில், "நான் அதை நம்புறதை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சும்மா" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நம்பிச் சண்டை போடுறப்ப உங்க குரல் உடையும். அந்த மழைச் சத்தம் கேட்டதுக்கப்புறம் ஒரு தடவைகூட உடையலையே." அம்மையார் முகத்தை அவர்பால் திருப்பினார். "அப்புறம் ஏண்ணே வருஷா வருஷம் வந்தீங்க?"

அறைக்குள் இருள் மெல்ல நிறைந்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் எதற்கோ சண்டையிட்டு, ஒருவன் அழ, மகள் அதட்டும் ஒலி கேட்டது. அனாதியார் விடை கூறவில்லை. அம்மையாரும் மீண்டும் வினவவில்லை. வென்றாயிற்று என்று தம் பக்கத்தாரெல்லாம் கைவிட்ட மேடைக்கு அம்மையார் மட்டும் ஏன் வந்தார் என்பதும் அவ்வறையில் வினவப்படாமலே கிடந்தது. இரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதை இருவரும் அறிந்திருந்தமையால், அம்மௌனம் அவர்களுக்குச் சுமையாயில்லை.

மறுநாள் மாலை பேரவையில் கூட்டம் என்று சொல்லத்தக்கது இல்லை. காற்று வாங்க வந்த முதியோர் சிலரும், இந்த வேடிக்கையைப் பார்த்துவிடுவோம் என்று வந்த மாணவர் சிலரும் பலகைகளில் சிதறி அமர்ந்திருந்தனர். செயலர், தூக்குமேடைக்குச் செல்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு மணியருகே நின்றார். கீழை நாற்காலியில் அனாதியார் அமரவேண்டும், மேலை நாற்காலி வெறுமையென்று காட்டவேண்டும், மணியடிக்கவேண்டும். எஞ்சியது அவ்வளவே.

அனாதியார் மேடையேறினார். தம் நாற்காலியருகே வந்தார். அதன் முதுகை, நெடுநாள் உழைத்த எருதைத் தட்டிக்கொடுப்பார்போல், ஒருமுறை தொட்டார். பின் அதைக் கடந்து, மேடையைக் குறுக்காக நடந்து, மேலை நாற்காலியில் அமர்ந்தார். அது ஒருபக்கமாய்ச் சாய்ந்து ஆடியது. இத்தனை ஆண்டுகளும் கால் ஆடும் நாற்காலியில் அமர்ந்துகொண்டா அவ்வளவு நிமிர்ந்து பேசினாள் என்று எண்ணிக்கொண்டார்.

செயலர் பதறி ஓடிவந்தார். "ஐயா, அது அம்மா நாற்காலி."

"தெரியும்."

"உங்களுது அந்தப் பக்கம்."

"அது காலியா இருக்கட்டும்."

"அப்படியெல்லாம் செய்யக்கூடாதுங்க. விதி இருக்கு."

"இந்த வழக்குல ஏற்கெனவே பேசினவங்க உட்காரலாம்னுதானே விதி? எந்த நாற்காலியிலன்னு சொல்லியிருக்கா?"

செயலர் தலையைச் சொறிந்தார். "சொல்லலைங்க. இப்படி ஒருத்தர் செய்வார்னு யாரும் நினைச்சுப் பார்க்கலை" என்றார். உண்மைதான். பக்கம் மாறுவார் ஒருவரும் உளரென்று எண்ணாத முன்னோர் வகுத்த விதி அது.

அனாதியார் எழுந்து நின்றார். மேலைச் சாளரத்து வெயில் முதன்முறையாக அவர் முதுகில் விழுந்தது.

"என் தங்கச்சி சொன்ன அண்டத்துக்காகப் பேச வந்திருக்கேன்" என்றார்.

அச்சொல்லைச் சொன்னதும் அவர் குரல் உடைந்தது. அவையில் முணுமுணுப்பு அடங்கியது.

"அந்த அண்டம் ஒருநாள் தொடங்குச்சு. தொடங்கின சூடு இன்னும் முழுசா ஆறலை. காது வச்சா கேட்கும், நான் கேட்டிருக்கேன். அதுல தப்பு கண்டுபிடிக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். தொடக்கம் தெரியலைங்கிறது வேற, தொடக்கமே இல்லைங்கிறது வேற. நான் சின்ன வயசுலேர்ந்து ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கு அப்படி நினைச்சுக்க வேண்டியிருந்துச்சு. அண்டத்துக்கு அந்த அவசியம் இல்ல." பலகைகளின் பக்கம் திரும்பினார். "எதிர்ப்பக்கம் பேச யாராவது இருக்கீங்களா?"

யாரும் எழவில்லை. கீழை நாற்காலி வெறுமையாய் நின்றது. அவர் செயலரைப் பார்த்துத் தலையசைத்தார். செயலர் மணியை அடித்தார். அதன் ஓசை சாளரங்களின் வழியே வெளியேறி, குன்றின் சரிவில் உருண்டு, நகரத்தின் இரைச்சலுக்குள் இறங்கிக் கரைந்தது.

அம்மையார் வீட்டை அவர் அடைந்தபோது, விளக்கு ஏற்றும் நேரம்.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. ஜெயிச்சுட்டீங்களா அண்ணே?"

"இல்ல. உன் அண்ணன் தோத்துட்டான்."

'உன்' என்ற அச்சொல்லை முதன்முறை கேட்ட அம்மையார், தலையணையிலிருந்து தலையைச் சற்றே உயர்த்தினார். "நான் வராமலேயா? அது எப்படி?"

"உன் நாற்காலியில உட்கார்ந்தேன்."

"அதுல ஒரு கால் ஆடுமே."

"ஆடுச்சு."

"எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்று சிரித்த அம்மையாரின் கண்களிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. "கெட்டிக்காரர்தான். இனிமே அடுத்த வருஷம் எதைச் சாக்கா வச்சு வருவீங்க?"

"சாக்கு வேணுமா தங்கச்சி?"

அம்மையார் அவர் கையைப் பற்றிக்கொண்டார். பற்றிய விரல்களில் வெம்மை மிகக் குறைவாகவே இருந்தது, ஆயினும் இருந்தது.

அதன்பின் நாள்தோறும் அந்தியில் அவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டினார். முதல்மழை நிலத்தைத் தொட்ட வாரத்தில் தட்டவேண்டிய தேவை ஒழிந்தது. மகள் அழுதுகொண்டே வந்து, "மாமா" என்று அவர் தோளில் சாய்ந்தாள். பிறகு அவளும் பிள்ளைகளும் வேறூர் சென்றனர். கழகத்தில் நாற்காலிகள் புதிய வினாவுக்குச் சென்றன. ஆடும் காலுக்குத் தச்சர் வந்து ஆப்பு வைத்தார்.

இன்று அம்முதியவரின் அறையைக் கடந்து செல்வோர் ஒரு வேடிக்கையைக் காண்பர். வானொலியைத் திறந்து, பாட்டும் செய்தியும் வரும் இடங்களையெல்லாம் கடந்து, இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒன்றுமில்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, அவர் கண்மூடி அமர்ந்திருப்பார். அவ்விரைச்சலில் பெரும்பகுதி கருவியின் இரைச்சலும் மண்ணின் இரைச்சலும்தான். மிகச் சிறியதொரு பங்கு மட்டும், எல்லாம் தொடங்கிய நாளின் ஆறாத எச்சம். எது எதுவென்று பிரித்தறிய அவர் முயல்வதில்லை. வெளியே மழை பெய்கையில் அவை மூன்றும் அதோடு ஒன்றாகிவிடுகின்றன.

தொடங்கியது எதுவும் விலகிப்போகும், ஆறிப்போகும். அதை அறியாதவரல்லர் அவர். அதைக் கணக்கிட்டே காலம் கழித்தவர். என்றும் முடியாத அண்டமொன்றை இளமையில் அவர் தமக்கெனத் தேடிக்கொண்டது, அவ்விலகலுக்கும் அஞ்சியே. இப்போது அவருக்கு இருப்பது முடிந்துபோன ஓர் உறவு. அது தொடங்கிய ஒரு காலைப்பொழுது இருந்தது. வாயிலில் வந்து நின்று தண்ணீர் கேட்ட குரல் இருந்தது. தமக்கென ஒரு பிறந்தநாள் இல்லையே என்று வாழ்ந்த மனிதர், அந்நாளிலிருந்து எண்ணித் தம் வயதைக் கணக்கிடக் கற்றுக்கொண்டார். அறையில் வேறு யாருமில்லை. மழை பெய்துகொண்டிருக்கிறது.